பத்தாவது ஆள்

கொச்சி ஜூ டவுனில் யூதர்கள் அநேகமாக இல்லை. கடைசிவரை மிஞ்சியிருந்தவர்களைத் தாங்கிப் பிடித்தது யார்?

மட்டாஞ்சேரி டச்சு அரண்மனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தக் குறுகலான தெரு வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள். சில ஜன்னல் கம்பிகளில் ஆறு முனை நட்சத்திரம். கீழ்த்தளம் முழுவதும் கடைகள்: காஷ்மீரத்துச் சால்வை, பித்தளை விளக்கு, எங்கோ இடித்த தறவாட்டிலிருந்து பெயர்த்து வந்த மரத்தூண், ஏலக்காய், கிராம்பு, அத்தர். சுக்கு வாசனை மூக்கை விட்டுப் போக அரைமணி நேரம் ஆகும். தெரு முடியும் இடத்தில் ஒரு மணிக்கூண்டு. அதை ஒட்டி 1568-ல் கட்டிய பரதேசி சினகாக். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஜூதப் பள்ளி.

பலகையில் ஜூ டவுன் என்று எழுதியிருக்கிறது. யூதர்களைத்தான் காணோம்.

2024 ஆகஸ்ட் 11 அன்று குயீனி ஹல்லேகுவா தமது 89-வது வயதில் இறந்தார். மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர் என்று சொல்லத்தக்க கடைசிப் பெண்மணி அவர்தான். அவருக்குப் பின் அந்தச் சமூகத்தில் மிஞ்சியவர் ஒரே ஒருவர், அவரும் உறவினர். குயீனியின் கணவர் சாமுவேல் ஹல்லேகுவா 2009-ல் இறந்தார், சினகாக்கை நிர்வகித்தவர். பின்னர் 2012 முதல் 2018 வரை அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் குயீனி. பிள்ளைகள் அமெரிக்காவில். 2019 ஆகஸ்ட் 30 அன்று, நான்கைந்து வீடு தள்ளி எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு மூதாட்டி, சாரா கோஹன், 96 வயதில் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு சாவுக்கும் பத்திரிகைகள் தவறாமல் 'கடைசி யூதர்' என்று தலைப்புப் போட்டன. இப்படி எத்தனை கடைசி என்று தெருக்காரர்களே சிரித்துக்கொள்ளும் அளவுக்கு.

ஒரு சமூகம் தேய்ந்து மறைவது துக்கமான விஷயம்தான். ஆனால் உலகத்தில் அப்படி மறைந்த கூட்டங்கள் நிறைய. ஜூ டவுனில் கவனிக்க வேண்டியது வேறு. பிள்ளைகள் கப்பலேறி, விமானமேறிப் போன பிறகு, ஐம்பது அறுபது ஆண்டுகள் அந்த வீடுகளில் மனிதர்கள் வயதாகிக்கொண்டே இருந்தார்கள். தொண்ணூறைத் தொட்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் காலையில் பேச்சுத்துணை யார், ராத்திரியில் மூச்சு முட்டினால் கதவைத் தட்டிக் கேட்க யார் என்ற கேள்விக்கு அந்தத் தெரு ஒரு பதில் கண்டுபிடித்தது. கேரளத்துக்கும், பக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்கும் இனிமேல்தான் அந்தக் கேள்வி முழு வேகத்தில் வரப்போகிறது.

பதிலைப் புரிந்துகொள்ள ஓர் எண் தெரிந்திருக்க வேண்டும். பத்து.

யூத மதத்தில் தனியாகப் பிரார்த்தனை செய்யத் தடை இல்லை. ஆனால் தோரா சுருளைச் சபையில் விரித்து வாசிக்கவும், கூட்டுப் பிரார்த்தனையின் சில முக்கியமான பகுதிகளைச் சொல்லவும் 13 வயது நிறைந்த பத்து ஆண்கள் கூடியாக வேண்டும். மின்யான் என்று பெயர். (பெண்களையும் எண்ணிக்கையில் சேர்க்கும் பிரிவுகள் இன்று உலகில் உண்டு. கொச்சியில் அந்த வழக்கம் வரவில்லை.) அப்பா செத்துப்போனால் மகன் பல மாதங்கள் சொல்ல வேண்டிய கத்தீஷ் பிரார்த்தனைக்கும் இந்தப் பத்துப் பேர் அவசியம். துக்கத்தில் இருக்கிறவன் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட முடியாது. எழுந்து, குளித்து, ஒன்பது பேர் முகத்தில் விழித்தே தீர வேண்டும். அந்த ஒன்பது பேரும் வந்தே தீர வேண்டும். அவர்களில் ஒருவன் கஞ்சனாக இருக்கலாம், வாயாடியாக இருக்கலாம், போன வருஷம் வரப்புத் தகராறு பண்ணியவனாகவும் இருக்கலாம். பத்து நிறைய அவனும் வேண்டும். மனிதனை மனிதனோடு கட்டிப்போட இதைவிடக் கச்சிதமான கயிற்றை வேறு யாரும் திரித்ததாகத் தெரியவில்லை.

கேரள யூதர்கள் இந்தக் கயிற்றோடு வந்தார்கள். கேரளம் அவர்களை இன்னும் பல இழைகளால் கட்டிப்போட்டது. பரதேசி சினகாக்கின் பொக்கிஷமாகச் சொல்லப்படும் செப்பேடுகள் கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தவை. அவற்றில் எபிரேயம் கிடையாது. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழுக்கு ஒட்டி உறவாடும் பழைய மலையாளம். கல்வெட்டுப் பயிற்சி உள்ள தமிழாசிரியர் ஒருவர் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடலாம். 'அஞ்சுவண்ணம்' என்று அதில் வரும் சொல், தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் வணிகக் குழு ஒன்றின் பெயராகத் தலைகாட்டுவதுதான். பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை என்று ரப்பானுக்குக் கிடைத்த உரிமைகள் 72. 2017 ஜூலையில் இஸ்ரேலுக்குப் போன பிரதமர் மோடி இந்தச் செப்பேடுகளின் நகலைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாக எடுத்துப்போனார்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் தொல்லை தாங்காமல் வந்தவர்களுக்குக் கொச்சி ராஜா தமது அரண்மனைக்கு அடுத்தாற்போலவே இடம் கொடுத்தார். சினகாக்கும் அரண்மனைக் கோவிலும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான். பழக்கங்களும் அப்படியே பக்கத்து வீட்டிலிருந்து வந்தன. சினகாக்குக்குள் செருப்போடு போகக்கூடாது. கல்யாணப் பெண்ணுக்குத் தாலி உண்டு. தோரா சுருள்களை ஏந்திக்கொண்டு கட்டடத்தை வெளியே சுற்றி வருகிற சிம்ஹத் தோரா பண்டிகை ஊர்வலம், பார்க்கிறவர்களுக்குச் சாமி புறப்பாட்டை ஞாபகப்படுத்தும். அன்று வேடிக்கை பார்க்க இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வந்து நிற்பது வழக்கம்.

இத்தனை இனிப்புக்கு நடுவில் ஒரு கசப்பும் உண்டு. சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை.

ஒரே தெருவில் ஒரு காலத்தில் மூன்று சினகாக்குகள் இருந்தன. மணிக்கூண்டின் பக்கம் பரதேசிகளுடையது. தெருவின் மறுமுனையில் கடவும்பாகம், இடையில் தெக்கும்பாகம். பின்னவை இரண்டும் மலபார் யூதர்களுடையவை. பரதேசிகளுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியே வந்தவர்கள். எண்ணிக்கையிலும் பல மடங்கு அதிகம். ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னால் வந்த பரதேசிகள் தங்களை 'வெள்ளை' என்றும் மற்றவர்களைக் 'கறுப்பு' என்றும் பிரித்துக்கொண்டார்கள். பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. தங்கள் சினகாக்கின் பத்துப் பேர் கணக்கில் அவர்களைச் சேர்ப்பதும் இல்லை. தங்களுக்குள்ளேயே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு பிரிவினரை வாசற்பக்கம் தரையில் உட்கார வைத்தார்கள். சாதி பார்க்க வந்த நாட்டில் கற்றுக்கொண்டார்களா, வரும்போதே கொண்டுவந்தார்களா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். மதராஸ் மாகாணத்துக் கோவில் வாசல்களில் நடந்ததைப் படித்தவர்களுக்குக் காட்சி அந்நியமாக இருக்காது.

அப்படி ஒதுக்கப்பட்ட பிரிவில் 1882-ல் பிறந்தவர் ஏ. பி. சேலம். மதராஸில் படித்த வக்கீல். கொச்சி சட்டசபை உறுப்பினர், காங்கிரஸ்காரர். காந்தியின் வழி அவருக்கு அத்துபடி. அதே சத்தியாக்கிரகத்தைத் தமது சினகாக்கின் படியில் உட்கார்ந்து நடத்தினார். ஊர் அவரை யூத காந்தி என்றது. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, மெதுவாக. 1950-ல் அவருடைய மகன் பால்ஃபர், பரதேசிகளில் மிகச் செல்வாக்குள்ள கோடர் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கல்யாணம் கொச்சியில் நடக்கவில்லை. பம்பாயில்.

கதவு திறந்த நேரத்தில் ஆட்கள் கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

இஸ்ரேல் 1948-ல் பிறந்தது. 1950-களின் நடுவில் மலபார் யூதர்கள், எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா என்று ஊர் ஊராக, கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கொச்சியில் யானைக்கால் வியாதி உண்டு என்ற பயத்தில் இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். தாமதம் ஆனது, பயணம் நிற்கவில்லை. சேலம்தான் அவர்கள் போவதற்கு ஓடி ஓடி உதவினார். தாம் போகவில்லை. 1967-ல் கொச்சியிலேயே இறந்தார்.

போனவர்கள் பெரும்பாலும் ஏழைகள். ஆனால் ஒரு பெரிய சொத்தை உடைக்காமல் எடுத்துப் போனார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம், ஜெருசலேம் பக்கத்தில் மெசிலாத் சியோன் போன்ற விவசாயக் கிராமங்களில் கொச்சிக்காரர்கள் சேர்ந்தே குடியமர்ந்தார்கள். மணலில் பயிர் வைத்துப் பழகிய ஆரம்ப வருஷங்கள் கஷ்டமானவை. என்றாலும் கூப்பிட்டால் பத்துப் பேர் உண்டு. பக்கத்து வீட்டில் மலையாளம் உண்டு. கிழவிகளின் பெட்டிக்குள் பாட்டு நோட்டுகள் இருந்தன. கல்யாணத்திலும் பண்டிகையிலும் கொச்சி யூதப் பெண்கள் கூடிப் பாடிய மலையாளப் பாட்டுகளைக் கையால் எழுதி வைத்த நோட்டுகள். ஸ்கறியா சக்கறியாவும் பார்பரா ஜான்சனும் மற்ற ஆய்வாளர்களும் பிற்காலத்தில் இவற்றைத் தேடி வீடு வீடாகப் போனார்கள். 2005-ல் 'கார்குழலி' என்ற தொகுப்பு வெளிவந்தது. பாட்டுகளை மீட்பதற்காகக் கூட்டம் கூட்டியபோது, பல ஆண்டுகளாக வாய் திறக்காத பாட்டிகள் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து பாடினார்கள் என்பது ஆராய்ச்சியின் உபரி லாபம்.

ஜூ டவுனில் பிறந்த ரூபி டேனியல் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். 1912-ல் பிறந்தவர். இரண்டாவது உலகப்போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். 1951-ல் இஸ்ரேல் போய் ஒரு கிப்புட்ஸ் பண்ணையில் வாழ்ந்தார். 2002-ல் இறக்கும் முன், 1995-ல், ஜான்சனோடு சேர்ந்து தமது நினைவுகளைப் புத்தகமாக்கினார். சேலத்தின் பிரிவைச் சேர்ந்தவர்தான் ரூபியும். ஒதுக்கி வைத்த தெருவைப் பற்றி அந்தப் புத்தகத்தில் கோபம் இருக்கிறது. அதைவிடக் கூடுதலாக ஏக்கம் இருக்கிறது.

தெருவில் தங்கியவர்கள் வசதியானவர்கள். கொச்சிக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனி கோடர் குடும்பத்துடையது. வீடு, நிலம், வியாபாரம் எல்லாம் இங்கே. அவசரமாகப் போக வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. 1968 டிசம்பரில் சினகாக்கின் நானூறாவது ஆண்டு விழா. பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலை வெளியிட்டார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் குவிந்தார்கள். விழாப் பந்தலைப் பிரித்த கையோடு என்று சொல்லலாம், இளையவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நிலச்சட்டங்களும் மின்சாரக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உள்ளூரில் கட்டிக்கொள்ள மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. ஏழைகள் ஊரோடு பெயர்ந்துபோய்ச் சமூகத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பணக்காரர்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு, வீட்டுக்குள் தனியாக இருந்தார்கள்.

எண்ணிக்கை ஐம்பதாகி, முப்பதாகி, பத்துக்குக் கீழே இறங்கியபோது பரதேசிகள் ஒரு காரியம் செய்ய வேண்டி வந்தது. எர்ணாகுளத்திலிருந்து, ஒரு காலத்தில் சேர்த்துக்கொள்ளாத மலபார் யூதர்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இஸ்ரேலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சுற்றிப் பார்க்க வந்த இளைஞர்களை ஹோட்டலில் தேடிப் பிடித்தார்கள். பத்தாவது ஆள் முதுகில் பை மாட்டிய பயணியாக இருந்தான் பல வெள்ளிக்கிழமைகளில். அறுபது ஆண்டுகளுக்கு முன் சேலம் படியில் உட்கார்ந்து கேட்டதும் இந்தக் கணக்கைத்தான்.

சுற்றுலா இன்னொரு விதமான தனிமையையும் கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நடக்கிறார்கள். திறந்த ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், யூதரைப் பார்க்க வேண்டுமாம். காட்சிசாலைக் கூண்டு போல் ஆகிவிட்ட ஜன்னலைச் சிலர் சாத்தியே வைத்தார்கள். நாள் முழுவதும் கேமரா கண்ணில் பட்டும் ஒரு வாய் வார்த்தை பேச ஆளில்லாமல் போகலாம் என்பதை, கைபேசி யுகத்துக்கு முன்பே அந்தத் தெரு அனுபவித்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பையன் வருகிறான். தாஹா இப்ராஹிம். ஜூ டவுனில் பயணிகளுக்கு அஞ்சல் அட்டை விற்றுத் திரிந்த, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட முஸ்லிம் சிறுவன். சரக்கை வைக்க இடம் இல்லாமல் தவித்தபோது வக்கீல் ஜேக்கப் கோஹன் தமது வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மனைவி சாராவுக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஒரே வீட்டு வாசலில் ஏறி இறங்கியும் நெடுநாள் பேச்சு கிடையாது. சாரா வீட்டின் முன்னறையில் பூவேலைக் கடை வைத்திருந்தார். யூத ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா, சப்பாத் ரொட்டியை மூடும் துணி, மேசைவிரிப்பு. தாஹாவுக்கு ஊசியும் நூலும் பழக்கம் என்று தெரிந்த நாளில் பேச்சு ஆரம்பித்தது. பிறகு நிற்கவில்லை.

கோஹன் தம்பதிக்குக் குழந்தை இல்லை. 1999-ல் ஜேக்கப் இறக்கும் முன், சாராவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாஹாவிடம் விட்டார். இருபது ஆண்டுகள் தாஹா அதைச் செய்தார். கடையைக் கவனித்தார், மருந்து கொடுத்தார், வந்தவர்களோடு சாரா ஆன்ட்டி பேசும்போது பக்கத்தில் நின்றார். ஞாபகம் மங்கிய கடைசிக் காலத்திலும் சாரா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னல் மூடவில்லை. இந்தக் கதையை ஆவணப்படமாக எடுத்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் மதநல்லிணக்கத்தின் உச்சம் என்று எழுதின. அது சரிதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது அதன் சாதாரணத்தனம் மறைந்துவிடுகிறது. ஒரு மூட்டைச் சரக்கும் ஒரு தையல் ஊசியும் ஆரம்பித்து வைத்த உறவு அது. தினமும் வேலை நிமித்தம் பார்த்துக்கொண்டதால் வளர்ந்தது.

மட்டாஞ்சேரி அதற்குத் தோதான இடம். கொங்கணிகள், குஜராத்திகள், ஜைனர்கள், கச்சி மேமன்கள், தக்கணி முஸ்லிம்கள், தமிழ் பேசுகிறவர்கள் என்று நடந்தே சுற்றிவிடக்கூடிய பரப்பில் இத்தனை சிறு சிறு கூட்டங்கள். பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தோபி கானாவில் இன்றும் தமிழ் காதில் விழும்; டச்சுக்காரர் காலத்தில் வந்த வண்ணார்களின் வழித்தோன்றல்கள். யாரும் தனியாகப் பெரும்பான்மை இல்லாத இடத்தில் எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் தேவைப்படுகிறான். வியாபாரமும் அப்படியே இருந்தது. ஜூ டவுனில் மிளகுக்கு 1957 முதல் முன்பேரச் சந்தை நடந்தது. கூடத்தில் கும்பலாக நின்று தரகர்கள் கூவிய கூச்சல் தெருவுக்குக் கேட்கும். கணினித் திரை வந்ததும் கூச்சல் அடங்கிவிட்டது.

ஆள் துணைக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்று விஞ்ஞானம் கணக்குப் போட்டுச் சொல்லத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. கலிஃபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் சுமார் 6,900 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை லிசா பெர்க்மனும் லெனார்ட் சைமும் 1979-ல் வெளியிட்டார்கள். கல்யாணம், சொந்தம், நண்பர்கள், சர்ச், சங்கம் என்று எந்தப் பிடிப்பும் அதிகம் இல்லாதவர்கள், நிறையப் பிடிப்பு உள்ளவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் விகிதத்தில் இறந்திருந்தார்கள். புகை, குடி, வசதி, ஏற்கெனவே இருந்த நோய் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் தங்கியது. ஒரு வகைப் பிடிப்பு இல்லாவிட்டால் இன்னொரு வகை ஈடுகட்டியது என்பதும் அந்த ஆய்வு காட்டியதே. பிள்ளை இல்லாதவருக்குத் தாஹா கிடைக்கலாம்.

2018-ல் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தபோது உலகம் சிரித்தது. 2021-ல் ஜப்பானும் அதையே செய்தது. 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000 சாவுகளுக்குத் தனிமையோடு தொடர்பு இருக்கிறது என்றும் சொன்னது. கிழவர்கள் மட்டும் இல்லை. பதின்வயதினரும் இளைஞர்களும் இந்தக் கணக்கில் முன்னால் நிற்கிறார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

கேரளத்துக்கு இது வெளிநாட்டுச் செய்தி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 8.6 சதவிகிதம், கேரளத்தில் 12.6. தமிழ்நாடு 10.4 சதவிகிதத்தோடு அதிக தூரம் பின்தங்கவில்லை. வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் போன பிள்ளைகள் கட்டிய பெரிய வீடுகளில் இரண்டு வயதானவர்கள், அப்புறம் ஒருவர், அப்புறம் பூட்டு. செட்டிநாட்டு முகப்பு வீடுகளும் கும்பகோணம் பக்கத்து அக்கிரகாரங்களும் இதே படத்தின் தமிழ்ப் பதிப்பு. யூதத் தெரு ஒரு தலைமுறை முன்னால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான்.

கேரளம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரணத்துக்காக ஆரம்பித்த சிறு அமைப்பிலிருந்து, நோயாளியின் வீட்டுக்கே ஊர்க்காரர்கள் போய் உட்காரும் பழக்கம் வளர்ந்தது. போகிறவர்கள் டாக்டர்கள் அல்ல. வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்கும் பள்ளி ஆசிரியர், கடைக்காரர், கல்லூரி மாணவர். புண்ணைக் கழுவவும் தெரியும், பழைய கதையைக் கேட்கவும் தெரியும். 2008-ல் மாநில அரசே இதற்கென்று கொள்கை அறிவித்தது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ திட்டத்தின் அடித்தளம் அயல்கூட்டம். சிட்டுக் கணக்கும் கடனும்தான் பேச்சு. ஆனால் வாரம் ஒருமுறை ஒருத்தி வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருக்கலாம் என்று விதியும் உண்டு. பத்து முதல் இருபது.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் உண்டு. ஆண்களுக்கு? வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள் டீக்கடையும் விலகி, கோவில் திண்ணையும் பூட்டிய கதவாகி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்துவிடும் ஆண்களுக்கு எந்தத் திட்டமும் பேர் வைக்கவில்லை. மின்யான் சட்டத்தை வகுத்தவர்கள் ஆண்களைத்தான் கட்டாயப்படுத்தினார்கள். பெண்கள் எப்படியும் கூடிவிடுவார்கள் என்று தெரிந்திருந்தார்களோ என்னவோ.

இன்று பரதேசி சினகாக்கில் டிக்கெட் எடுத்துப் பயணிகள் வரிசையாக நுழைகிறார்கள். சீனத்தின் கான்டனிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான தரை ஓடுகளை வெறுங்காலால் மிதித்துப் பார்க்கிறார்கள். சனிக்கிழமை மூடியிருக்கும். தெருவின் மறுகோடியில் இருந்த கடவும்பாகம் சினகாக்கின் மரவேலை முழுவதும் இப்போது ஜெருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில், 1995 முதல் காட்சிக்கு நிற்கிறது. அது கழன்றுபோன வெறும் கட்டடம் கிடங்காகக் கிடந்து, 2019 மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சாரா இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அவருடைய பூவேலைக் கடையைத் தாஹா தொடர்ந்து நடத்தினார்.

காயலுக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளம் மார்க்கெட் ரோட்டில் வேறொரு கடவும்பாகம் சினகாக் இருக்கிறது. மலபார் யூதர்களுடையது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்கட்டில் செடி நாற்றும் வண்ண மீன் தொட்டிகளும் விற்கும் கடை. ஊர் காலியான பிறகும் போகாமல் தங்கிய ஏலியாஸ் ஜோசப்பாய் என்ற மலபார் யூதர் கடையை நடத்திக்கொண்டே பின்னால் இருந்த கட்டடத்தைப் பல ஆண்டுகள் காவல் காத்தார். 2018-ல் அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள். பத்துப் பேர் சேருவது அங்கும் சுலபம் இல்லை. மீன் வாங்க வருகிறவர்களைத் தாண்டி, தொட்டிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு உள்ளே போகிற வெளிநாட்டுப் பயணி யூதராக இருந்தால், அவரை எண்ணிக்கொள்கிறார்கள்.